பிழை திருத்தாத பிரியம்

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் தயாராகும் சென்னைப் பெண் ஒருத்தி, மொழிப் பரிமாற்றச் செயலி ஒன்றில் ஹாம்பர்க்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். கரண்ட் வேறு போய்விட்டது. ‘எனக்குப் புழுங்குது’ என்று சொல்ல நினைத்தவள், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தின் வழியாக யோசித்து, ‘இஷ் பின் ஹைஸ்’ என்று தட்டி அனுப்பிவிடுகிறாள். ஜெர்மன்காரர் காதில் இது வெயிலைப் பற்றிய வாக்கியமாக விழாது. உடல் வேட்கையைச் சொல்லும் வாக்கியமாக விழும். சொல்லியிருக்க வேண்டியது ‘மியர் இஸ்ட் ஹைஸ்’. தமிழ் வழியாகவே யோசித்திருந்தால் தப்பித்திருப்பாள். இந்த இடத்தில் அவர்களும் நம்மைப் போல ‘எனக்கு’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்தப் பக்கம் இருப்பவர் இரண்டு விதமாகப் பதில் போடலாம். ஒன்று: ‘கவனம், இப்படிச் சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும், மியர் என்று தொடங்குங்கள். சரி, சென்னையில் இப்போது எத்தனை டிகிரி?’ இன்னொன்று: கண்ணடிக்கும் பொம்மை, ‘ஹா ஹா, நீ ரொம்ப ஸ்வீட், உன் ஜெர்மன் சூப்பர்!’ இரண்டாவது பதில் கிடைத்தால் மனசு குளிர்ந்துவிடும். அதே வாக்கியம் பி2 ஜெர்மன் மொழித் தேர்வின் பேச்சுப் பகுதியில், தேர்வாளர்கள் முன்னால், மறுபடி வந்து நிற்கும்.

மொழி கற்க வந்த இடத்தில் கடலை போடுகிறார்கள் என்ற புகார் இந்தச் செயலிகள் பிறந்த காலத்திலிருந்தே உண்டு. அதைப் பெரும்பாலும் ஒழுக்கப் பிரச்சினையாகவோ பெண்களின் பாதுகாப்புப் பிரச்சினையாகவோ பேசுகிறோம். பாதுகாப்பு என்பது முழுக்க நியாயமான கவலை. ஒழுக்கத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. வயது வந்த இருவர் எங்கே சந்தித்துக்கொண்டால் நமக்கென்ன? ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சேதம் இருக்கிறது, அது கற்றல் சம்பந்தப்பட்டது. ஒருவருக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று பேசுகிறவர் அவருடைய பிழையைத் திருத்துவதில்லை. திருத்தம் நின்ற இடத்தில் மொழி வளர்ச்சியும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரண்டு உலகப் போர்களில் எதிரெதிராக நின்ற பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1963 ஜனவரியில் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. இரு நாட்டு இளைஞர்களையும் சந்திக்க வைக்க அதே ஆண்டில் ஒரு கூட்டு அலுவலகம் தொடங்கப்பட்டது. அந்தச் சந்திப்புகளில் ஒரு பிரெஞ்சுக்காரரையும் ஒரு ஜெர்மன்காரரையும் இணையாக உட்காரவைத்து, ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் முறை உருவானது. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயரான ‘டான்டெம்’ அதற்கு ஒட்டிக்கொண்டது. 1990களில் மின்னஞ்சல் வந்ததும் ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமர்ட்ஸ் என்பவர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களை இணைத்து இதைக் கடித வழியில் நடத்தினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டேவிட் லிட்டில் இதன் கோட்பாட்டு முகம். இவர்கள் வைத்த விதிகள் இரண்டுதான். வாங்குகிற அளவுக்குக் கொடுக்க வேண்டும்; எதை, எப்படிக் கற்பது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி.

2012இல் தொடங்கிய ஹலோடாக், 2015 வாக்கில் பெர்லினிலிருந்து வந்த டான்டெம் முதலிய செயலிகள் இந்தப் பழைய முறையைக் கைபேசிக்குள் கொண்டுவந்தன. ஆனால் அந்தக் காலத்துக் கைபேசித் திரையின் இலக்கணத்தை ஏற்கெனவே வேறு யாரோ எழுதி முடித்திருந்தார்கள். பெரிய முகப்படம், வயது, ஊர், இப்போது ஆன்லைனில் இருக்கிறாரா என்று காட்டும் பச்சைப் புள்ளி. 2012இல் டிண்டர் வந்த பிறகு இந்த வரிசையைப் பார்த்தாலே கட்டைவிரலுக்கு என்ன செய்வதென்று தெரியும்.

திருத்தம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா, பேசிப் பேசியே மொழி வந்துவிடாதா என்று கேட்கலாம். இதற்கு மொழியியலில் புகழ்பெற்ற ஒரு மனிதர் பதிலாக இருக்கிறார். ஆய்வுகளில் அவர் பெயர் ‘வெஸ்’. ஜப்பானிய ஓவியர், ஹவாயில் குடியேறியவர், கலகலப்பானவர். ஆங்கிலம் பேசும் நண்பர்கள் சூழ வாழ்ந்தவர். மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் சுமார் மூன்று ஆண்டுகள் அவருடைய ஆங்கிலத்தைப் பின்தொடர்ந்து 1983இல் எழுதினார். வெஸ் கதை சொல்வார், ஜோக் அடிப்பார், வியாபாரம் பேசுவார். அந்தத் திறமையெல்லாம் ஆண்டுக்காண்டு கூடியது. இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே இருந்தது. இறந்தகால விகுதி வரவே இல்லை, பன்மை விகுதியும் சரியாகப் படியவில்லை. அவர் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது, எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. பிறகு யார் திருத்தப் போகிறார்கள்?

ஷ்மிட் அடுத்துத் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பிரேசிலில் ஐந்து மாதம் தங்கிப் போர்த்துக்கீசிய மொழி கற்றபோது நாட்குறிப்பு எழுதினார், தன் பேச்சைப் பதிவுசெய்தார். 1986இல் சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து இரண்டையும் ஒப்பிட்டபோது, ‘ஓ, இப்படித்தான் சொல்கிறார்கள் போல’ என்று அவர் கவனித்துக் குறித்த வடிவங்களே பெரும்பாலும் அவர் பேச்சில் இடம்பிடித்திருந்தன. காதில் விழுந்தால் மட்டும் போதாது, கவனத்தில் விழ வேண்டும் என்ற அவருடைய கருதுகோள் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்னொன்றும் தெரியவந்தது: பிரேசில்காரர்கள் அவரைத் திருத்திய பல இடங்களில், தன்னைத் திருத்துகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருந்தார்கள்.

நாசூக்கான திருத்தம் எவ்வளவு எளிதாக நழுவிப்போகும் என்பதை 1997இல் ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் அளந்தார்கள். கனடாவில் பிரெஞ்சு மொழிவழி வகுப்புகளில் நான்கு ஆசிரியர்களைக் கவனித்தார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் 55 சதவீதம், மாணவர் சொன்னதையே சரியாக்கித் திருப்பிச் சொல்லும் வகை. அதற்கு மாணவர்கள் ஏதாவது ஒரு விதத்தில் எதிர்வினை காட்டியது 31 சதவீதத் தடவைதான். ‘அதை எப்படிச் சொல்வோம்?’ என்று கேட்டு மாணவர் வாயிலிருந்தே வரவழைக்க முயன்றபோது ஒரு தடவைகூட எதிர்வினை வராமல் போகவில்லை. சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கே நேராகத் திருத்துவதில் இவ்வளவு தயக்கம். அடுத்த வாரமும் நம்மோடு பேச வேண்டுமே என்று ஏங்குகிறவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

பெனலோப் பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் இருவரும் 1978இல் எழுதிய மரியாதைக் கோட்பாடு இந்தத் தயக்கத்தை விளக்குகிறது. ஒவ்வொருவருக்கும் பொதுவில் காட்டும் ஒரு முகம் இருக்கிறது; மறுப்பு, குறை, திருத்தம் எல்லாம் அந்த முகத்தின் மேல் விழும் அடி. நாமும் முகத்தில் அடித்த மாதிரி பேசாதே என்றுதானே சொல்கிறோம். உறவு எவ்வளவு புதியதோ, அதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கிறோமோ, அவ்வளவுக்கு அந்த அடியைத் தவிர்ப்போம். காதல் நோக்கத்தோடு பேசுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லவராக இருப்பதே அவரை மோசமான ஆசிரியராக்கிவிடும்.

இனி அடுத்த கேள்வி. மொழி கற்க வந்தவர்கள் ஏன் இவ்வளவு எளிதாக வழிமாறுகிறார்கள்? வலை வீசவே வருகிறவர்கள் உண்டு, அவர்களை விடுவோம். உண்மையாகவே படிக்க வந்தவரும் வழுக்கி விழக் காரணம் அந்த உரையாடலின் அமைப்பிலேயே இருக்கிறது.

1997இல் உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழுவினர், முன்பின் தெரியாதவர்களை இணை இணையாக உட்காரவைத்துக் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். 36 கேள்விகள், 45 நிமிடம். மேலோட்டமாகத் தொடங்கிப் போகப்போக அந்தரங்கமாகும் கேள்விகள். வெறும் பொதுப்பேச்சு பேசிய இணைகளைவிட இவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். இப்போது எந்த மொழிப் பாடநூலையும் எடுத்து, பேச்சுப் பயிற்சித் தலைப்புகளைப் பாருங்கள். உங்கள் குழந்தைப் பருவம். உங்கள் கனவு. நீங்கள் பயந்த ஒரு நாள். பத்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள்? ஆரோன் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கியதை மொழிப் பாடத்திட்டம் வாராவாரம் வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. கேதரின் ஹாரிஸ் குழுவினர் 2003இல், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் தோலின் மின்கடத்தலை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். சிறுவயதில் திட்டு வாங்கும் சொற்களைத் துருக்கியில் கேட்டபோது கருவி துள்ளியது. அதே சொற்களை ஆங்கிலத்தில் கேட்டபோது துள்ளல் குறைவு. பின்னால் கற்ற மொழி உடம்பில் அவ்வளவு ஆழமாக வேர்விடுவதில்லை. இதிலிருந்து நான் ஊகிப்பது: அந்நிய மொழியில் பிரியம் சொல்வதற்குக் கூச்சம் குறைவு. தமிழ்ப் படங்களில் தலைமுறை தலைமுறையாக ‘ஐ லவ் யூ’ ஆங்கிலத்திலேயே சொல்லப்படுவதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்? சொல்கிறவருக்கு இலேசாக வருகிறது. கேட்கிறவருக்கோ அது தாய்மொழி. முழு எடையோடு போய் விழுகிறது.

மூன்றாவது, தப்பாகப் புரிந்துகொள்வது. அன்டோனியா ஆபி 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். இன்னொரு ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனித்தார்கள். அந்தப் பெண்ணின் சாதாரண நட்பைப் பெண்களைவிட ஆண்கள் அதிகமாகப் பாலியல் ஈர்ப்பாகப் படித்தார்கள், பேசியவரும் சரி, பார்த்துக்கொண்டிருந்தவரும் சரி. மொழி கற்கும் பேச்சில் இந்தக் குழப்பம் பல மடங்காகும். கற்கிறவர் கண்ணிமைக்காமல் கேட்பார். நிறுத்தி நிதானமாகப் பேசுவார். புரியாத இடத்தில் சிரிப்பார். ‘இன்னொரு தடவை சொல்லுங்களேன்’ என்பார். வகுப்பறைக்கு வெளியே ஒருவர் நம்மிடம் இப்படியெல்லாம் நடந்துகொண்டால் நாம் வேறு விதமாகத்தானே எடுத்துக்கொள்வோம்?

இது செயலிகள் கண்டுபிடித்த வியாதியும் இல்லை. ஜப்பானில் ஆங்கில உரையாடல் பள்ளிகளின் விளம்பரங்கள் மேலை நாட்டு ஆண்மீதான கனவையும் ஆங்கிலத்தையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்றதை, சிட்னியில் படித்த ஜப்பானியப் பெண்களோடு பழகி ஆராய்ந்த கிமியே தகாஹாஷி விரிவாக எழுதியிருக்கிறார். ஆசையைத் தூண்டி மொழியை விற்பது பழைய வியாபாரம்.

ஆனால் என் பார்வையில் மனத்தைவிடப் பெரிய காரணம் கணக்கில் இருக்கிறது. மொழிப் பரிமாற்றம் ஒரு பண்டமாற்று. உப்பு வைத்திருப்பவருக்கு நெல் வேண்டும், நெல் வைத்திருப்பவருக்கு அதே நேரத்தில் உப்பு வேண்டும். அப்போதுதான் வியாபாரம் நடக்கும். பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1875இலேயே இந்த இரட்டைப் பொருத்தத்தின் அருமையைச் சொல்லிவிட்டார். நமது நர்ஸ் பெண்ணிடம் கொடுக்கத் தமிழ் இருக்கிறது. தமிழ் வேண்டும் என்று ஏங்கும் ஜெர்மன்காரர்கள் எத்தனை பேர்? இந்தியவியல் மாணவர்கள் சிலர், தமிழரை மணந்துகொண்டவர்கள் சிலர். அவளிடம் ஆங்கிலமும் உண்டு, ஆனால் ஜெர்மன்காரர் தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவரைத் தேடுகிறார். இந்த நிலையில் ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து அவளுக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறார் என்றால், தராசின் மறுதட்டில் ஏதோ ஒன்று வைக்கப்படுகிறது. சிலருக்கு அது வெறும் நல்ல மனசு, அல்லது ஊர்பற்றிய ஆர்வம். சிலருக்கு அது முகப்படம். மொழிக்கு மொழி ஈடாகாத இடத்தில்தான் வேறு நாணயங்கள் புழக்கத்துக்கு வருகின்றன.

பிறகு சுழல் தானாகவே ஓடும். பெண்ணின் கணக்குக்கு ‘ஹாய் டியர், சாப்பிட்டாச்சா?’ வகைச் செய்திகள் குவியும். அவள் பெரும்பாலானவற்றுக்குப் பதில் போடமாட்டாள். பதில் வராத ஆண் இன்னும் இருபது பேருக்கு அதே வரியை ஒட்டி அனுப்புவான். அந்தக் குவியலுக்கு நடுவில் ‘நான் உங்கள் மொழியில் இடையினம் எது வல்லினம் எது என்று குழம்புகிறேன்’ என்று உண்மையாகவே எழுதியவனும் காணாமல் போவான். யார் படிக்க வந்தவர், யார் வழிய வந்தவர் என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடியாததால் படிக்க வந்தவர்கள் முதலில் வெளியேறுவார்கள். தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு முதலில் மறையும் என்று ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் பழைய கார்களை வைத்துச் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்.

ஆக, ‘தயவுசெய்து கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள்’ என்று விதிமுறைப் பக்கத்தில் எழுதிவைப்பதால் பெரிய பலன் கிடையாது. மாற வேண்டியது கட்டமைப்பு. சில முயற்சிகள் ஏற்கெனவே உண்டு. டான்டெம் பல ஆண்டுகளாகப் புதியவர்களின் விண்ணப்பத்தைப் பார்த்த பிறகே உள்ளே விட்டுவந்தது. என்ன கற்க வேண்டும், எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று எழுதச் சொன்னது. நான்கு வரி எழுதச் சோம்பல்படுகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார் என்பது கணக்கு. ஒரே பாலினத்தவருக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. உடனடி நிம்மதி தரும் வசதிதான், ஆனால் கூட்டத்தைப் பாதியாக வெட்டிவிடுகிறது; ஏற்கெனவே ஆள் குறைவான மொழிகளுக்கு இது பெரிய இழப்பு. ஈர்ப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று அது நம்புவதும் வெகுளித்தனம். ஒரு நாளில் புதிதாக இத்தனை பேரிடம்தான் பேச்சைத் தொடங்கலாம் என்ற வரம்பு எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஒட்டி அனுப்பும் வழக்கத்தின் கையை அது நேராகக் கட்டுகிறது.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது திருத்தும் கருவி. ஹலோடாக், டான்டெம் இரண்டிலும், வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் திருத்துவதற்கான தெரிவு வரும். தவறான சொல்லை மாற்றி அனுப்பினால் மூலமும் திருத்தமும் அடுத்தடுத்துத் தெரியும். பார்க்கச் சாதாரணம். ஆனால் பிரவுனும் லெவின்சனும் சொன்ன முக அடியை இது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ‘நீ தப்பு’ என்று நான் சொல்லவில்லை, செயலி கொடுத்த பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான். ஷ்மிட்டுக்கு நேர்ந்தது போலத் திருத்தம் கண்ணில் படாமல் நழுவவும் வழியில்லை.

வேறு பாதையில் போனவர்களும் உண்டு. ஜப்பானில் 2007இல் தொடங்கிய லாங்-8 தளத்தில் அந்நிய மொழியில் நாட்குறிப்பு எழுதுவீர்கள். அந்த மொழிக்காரர்கள் யாராவது வந்து வரிவரியாகத் திருத்துவார்கள். நீங்கள் வேறு யாருக்காவது உங்கள் மொழியில் திருத்திக் கொடுப்பீர்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கத் தேவையில்லை என்பதால் ஜெவன்ஸின் சிக்கல் தீர்ந்தது. எல்லாம் பலர் பார்க்க நடந்ததால் கடலைக்கு இடமும் குறைவு. 2017இல் அது புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது வருத்தம்தான். அதே ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஸ்லோலி செயலி முகப்படத்துக்குப் பதில் வரைந்த பொம்மை முகத்தை வைத்தது. கடிதம் போய்ச் சேரும் நேரத்தை இரு ஊர்களுக்கு இடையிலுள்ள தூரத்தோடு கட்டிவிட்டது. பதில் வர ஒரு நாளுக்கு மேலாகும் என்றால் ‘சாப்பிட்டாச்சா?’ என்று யாரும் கேட்பதில்லை.

தாமதத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. மோசடிக்காரனுக்கு வேகம் வேண்டும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2022இல் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். இழந்ததாகச் சொன்ன தொகை 130 கோடி டாலர். இந்த ஆட்களின் வழக்கம், சந்தித்த செயலியிலிருந்து ஆளைச் சீக்கிரம் வெளியே கூட்டிக்கொண்டு போவது. முதல் சில செய்திகளிலேயே வாட்ஸ்அப் எண் கேட்கிறவரைச் செயலி கண்டுபிடித்து எச்சரிப்பது தொழில்நுட்பத்தில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கற்கிறவரும் இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருந்துவிடலாம்.

காதலித்தால் மொழி சீக்கிரம் வரும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. அந்த மொழி மக்களோடு ஒட்டி வாழும் ஆசை கற்றலுக்கு உதவும் என்று ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் 1959இலிருந்தே எழுதிவந்தார்கள். ஆனால் இங்கிரிட் பில்லர் ஆராய்ந்த ஆங்கில-ஜெர்மன் தம்பதிகளிடம் வேறொன்றும் தெரிந்தது: இருவரும் முதலில் எந்த மொழியில் பழகினார்களோ அது பழக்கமாகிவிடும், பிறகு மாற்றுவது கடினம். காதல் தனக்குச் சுலபமான மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி என்ற டான்டெம் கணக்கு அங்கே செல்லாது. நர்ஸ் பெண்ணும் ஹாம்பர்க்காரரும் நெருங்கிவிட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கொஞ்சிக்கொள்வார்கள். ஜெர்மன் தேர்வு அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. வெட்கப்படாமல், சலிக்காமல், நள்ளிரவிலும் பிழை திருத்த இப்போது இயந்திரம் இருக்கிறது. (அதுவும் வாய்க்கு வாய் ‘அருமையான கேள்வி’ என்று புகழ்கிறது, முகஸ்துதியை நம்மிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.) திருத்தம் மட்டும் போதும் என்பவர்கள் அங்கே போய்விட்டால், மனிதர்களை இணைக்கும் செயலிகளில் மிஞ்சுகிறவர்களில் துணை தேடுகிறவர்களின் பங்கு இன்னும் கூடும்.

அந்தச் செயலிகளுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. பெரிய முகப்படம் இருக்கும் இடத்தில், இவர் இந்த மாதம் பிறருடைய வாக்கியங்கள் எத்தனையைத் திருத்திக் கொடுத்தார், தன் பேச்சில் எவ்வளவு பகுதியைக் கற்கும் மொழியில் பேசினார் என்ற இரண்டு எண்களைப் போடுங்கள். படத்தை இரண்டு பேரும் பத்துத் தடவை பேசிய பிறகு திறக்கட்டும். ஏமாற்ற வழி கண்டுபிடிப்பார்கள்தான்; ஆனால் ஏமாற்றுவதற்கே நூறு வாக்கியம் திருத்த வேண்டியிருந்தால் அந்த நூறு பேருக்கு லாபம். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது சில நாள் வேலை. பாலினத்தை வைத்துத் தேடும் வசதியைக் காசுக்கு விற்கிற ஒரு நிறுவனம் அந்தச் சில நாளை ஒதுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் அவர்களுடைய வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.